பறக்காத பக்கிள்

விமானத்துக்குச் சாமான் செய்கிற தொழிலில் சாமானை ஒரு கையால் தூக்கிவிடலாம், அதோடு போகிற காகிதத்துக்குத்தான் தனியாக ஆள் வைக்க வேண்டும். அந்த ஆள் நான்தான். திருத்தணியிலிருந்து அரக்கோணம் போகிற ரோட்டில் என் அக்கா வீட்டுக்காரர், அதாவது எங்கள் பாவா, சின்னதாக ஒரு பட்டறை வைத்திருக்கிறார். விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற பள்ளிகளின் குட்டி விமானங்களுக்கு ஸ்க்ரூவும் சீட் பெல்ட் பக்கிளும் செய்து தருகிறோம்.

பாவா புதிதாக ஒரு பக்கிள் செய்து வைத்திருக்கிறார். பழையதை இரண்டு கையாலும் மல்லுக்கட்டித் திறக்க வேண்டும். இதை ஒரு விரலால் அமுக்கினால் போதும், திறந்துகொள்ளும். இது என்றைக்காவது பறக்குமா என்பதுதான் எங்கள் வீட்டில் ஓயாத பேச்சு. ஏனென்றால் அவர் மகள் யமுனா அப்படி ஒரு பள்ளியில்தான் பயிற்சியில் இருக்கிறாள், பழைய பக்கிளை மாட்டிக்கொண்டு. ரேஷன் கார்டில் ஒரே ஒரு எழுத்தைத் திருத்த தாலுகா ஆபீசுக்கு நடையாய் நடந்தவர்களே, நீங்களெல்லாம் என் கட்சி. வாருங்கள்.

அதே ஸ்க்ரூ

ஒரு பள்ளியின் மெக்கானிக் வந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு ஸ்க்ரூவை எடுத்து எங்கள் ஸ்க்ரூவுக்குப் பக்கத்தில் வைத்தார். அரக்கோணத்தில் இரும்புக் கடையில் வாங்கியதாம். இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருந்தன. "அங்க டீ காசுக்குக் குடுக்கறான். நீங்க பிரியாணி காசு கேக்கறீங்களே, ஏங்க?" என்றார்.

நியாயமான கேள்வி, எனக்கே முதல் வருஷம் வந்த கேள்விதான். பொறுமையாகச் சொன்னேன். இந்த இரும்பு எந்த ஆலையில் உருகியது, யார் சூடேற்றினார், யார் அளந்தார், அளந்த கருவியை யார் சோதித்தார், எல்லாவற்றுக்கும் சான்றிதழ் உண்டு. நாளைக்கு ஒன்று உடைந்தால் இதன் கூடப்பிறந்ததெல்லாம் எந்தெந்த விமானத்தில் இருக்கிறது என்று உடனே சொல்லிவிடலாம். அவர் இரண்டு ஸ்க்ரூவையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அப்போ ஸ்க்ரூ சும்மா, ஜாதகத்துக்குத்தான் காசுன்னு சொல்லுங்க."

சிவப்பாக ஏதோ

ஆயுத பூஜை முடிந்த கையோடு விமானத் துறையிலிருந்து தணிக்கைக்கு ஒரு அதிகாரி வந்தார். எங்கள் ஃபிட்டர் முனிரத்தினம் பூஜையன்று லேத்துக்குப் பொட்டு வைத்தார், டிரில்லுக்கு வைத்தார். அதோடு விட்டிருக்கலாம். பக்தி முற்றிப்போய், அனுப்பத் தயாராக இருந்த பக்கிள் ஒவ்வொன்றுக்கும் சந்தனம், குங்குமம் வைத்துவிட்டார். அதிகாரி பெட்டியைத் திறந்ததும் "துருவா?" என்றார். "குங்குமம் சார்" என்றேன். "வரைபடத்துல இல்லியே?"

துடைத்துவிடுகிறோம் என்றோம். எதைத் தொட்டுத் துடைப்பீர்கள், அதற்கு அனுமதி வாங்கிய முறை இருக்கிறதா என்று கேட்டார். குங்குமத்தில் என்ன கலந்திருக்கிறது, அது உலோகத்தை அரிக்குமா என்று அடுத்த கேள்வி. யோசித்துப் பார்த்தேன், சத்தியமாக எனக்குத் தெரியவில்லை. மலையடிவாரத்தில் விற்கிற கடைக்காரருக்கே தெரியுமோ என்னவோ! மொத்தப் பெட்டியையும் ஒதுக்கி சிவப்பு டேக் கட்டினோம். முனிரத்தினத்துக்கு முகம் சுண்டிப்போனது. அதிகாரியைப் பார்த்துக் கேட்டே விட்டார்: "ஏன் சார், மேல பறக்கற சாமானுக்கு மேல இருக்கறவன் பர்மிஷன் வேணாவா?"

முன் அனுபவம்

புதுப் பக்கிள் கதைக்கு வருகிறேன். சோதனைக்கூடத்தில் இழுத்துப் பார்த்தார்கள், உப்புத் தண்ணீரைத் தெளித்தார்கள், நெருப்பில் காட்டினார்கள். சோதனைக்குப் போன பக்கிள் எதுவும் உருப்படியாகத் திரும்பாது, செலவு நம் தலையில். அத்தனையிலும் தேறியது. பாவா சந்தோஷத்தில் மலையேறி மொட்டையே போட்டுக்கொண்டார். அந்த நேரம் பார்த்து ஸ்ப்ரிங் கம்பி தருகிறவர் ஆலையை மாற்றிவிட்டார். அதே தடிமன், அதே பலம்தான். ஆனாலும் மாற்றம் மாற்றம்தானாம், எல்லாச் சோதனையும் முதலிலிருந்து. பாவாவுக்கு முடி வளர்ந்துவிட்டது, அனுமதி வந்தபாடில்லை.

அப்புறம் அனுமதி தருகிற அதிகாரியிடமிருந்து ஒரு கேள்வி வந்தது: இந்தப் பக்கிள் இதற்கு முன் விமானத்தில் பயன்பட்ட அனுபவம் என்ன? பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்கிற கதைதான். எனக்கு வந்த கோபத்தில் போனில் அந்த அதிகாரியிடமே இதைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார், நல்ல மனுஷன். சிரித்து முடித்துவிட்டுச் சொன்னார்: "மேடம், நீங்க சொல்றது ரொம்ப நியாயம். அதையே எழுதி, கையெழுத்து போட்டு அனுப்பிடுங்க."

யமுனா வந்தபோது

போன மாதம் யமுனா லீவில் வந்தாள். வலது கையில் இரண்டு விரலுக்குக் கட்டு. அவசரத்தில் விமானத்தைவிட்டு எப்படிக் குதித்து இறங்குவது என்று தரையில் பயிற்சி கொடுத்தார்களாம். பழைய பக்கிள் இறுகிக்கொண்டு விரலை நசுக்கிவிட்டது. "நெஜமாவே தீப்பிடிச்சிருந்தா?" என்று அக்கா கேட்டாள்.

பாவா விறுவிறுவென்று பட்டறைக்குப் போனார். புதுப் பக்கிள் வைத்துத் தைத்த பெல்ட்டை எடுத்துவந்து அவள் பைக்குள் திணித்தார். "யார்கிட்டயும் சொல்லாத. உன் சீட்டுல மாட்டிக்கோ, அவ்ளோதான்" என்றார். காகிதம் இல்லாமல் ஒரு ஸ்க்ரூவைக்கூட வெளியே விடாதவள் நான். அன்றைக்கு எனக்கும் "எடுத்துகினு போடி" என்று வாய்வரை வந்துவிட்டது.

யமுனா பெல்ட்டை வெளியே எடுத்தாள். கட்டுப் போட்ட விரலாலேயே பக்கிளை அமுக்கினாள், லேசாகத் திறந்தது. மறுபடி பூட்டினாள், மறுபடி திறந்தாள். அவளுக்கு ஆசையாகத்தான் இருந்தது. பிறகு அதைச் சுருட்டி பாவா கையிலேயே வைத்தாள்.

"நீ செஞ்சதுன்னா நான் கண்ண மூடிகினு மாட்டிப்பேன் நைனா. எனக்கு அப்பறம் அதே சீட்டுல எந்த ஊரு பொண்ணோ உக்காரும். அதுக்கு நீ யாரு?"

நல்ல பக்கிள் செய்ய எங்கள் பாவா ஒருத்தர் போதும், முகம் தெரியாத அந்தப் பெண் அவரை நம்புவதற்குத்தான் இத்தனை பேர் கையெழுத்தும் எங்கள் பாதி ஆயுசும் தேவைப்படுகிறது.