நாலு நிமிஷம்

பரளச்சியில் பால்பாண்டியின் கார் கண்ணில் படுவதற்கு முன்னால் காதில் விழுந்துவிடும். சைலன்சரை மாற்றிப் போட்ட வண்டி, சும்மா நிற்கும்போதே உறுமும். சத்தம் கேட்டதும் பெண்கள் வாசலுக்கு வந்து, "யாருக்கு என்னாச்சோ" என்பார்கள். பிரசவ வலி, பாம்புக்கடி, மூச்சுத் திணறல் என்று எதுவானாலும், ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டுவிட்டு வழி பார்த்துக்கொண்டு நிற்கப் பயந்தவர்கள் முதலில் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவரும் சாப்பிடுகிற கையைக் கழுவாமல்கூட ஓடிவருவார்.

நல்ல உடம்போடு அந்தக் காரில் ஏறியவர்கள் மட்டும் யாருமில்லை. கல்யாண வீட்டுக்குப் போனால், "தப்பா எடுத்துக்கிடாதீக, வண்டியை அடுத்த தெருவுல நிப்பாட்டிக்கிடுங்க" என்று பக்குவமாகச் சொல்லிவிடுவார்கள். அவரும் அப்படியே நிறுத்திவிட்டு வந்து, பந்தியில் ஓர் ஓரமாக உட்கார்ந்து சாப்பிட்டு, மொய் எழுதிவிட்டுக் கிளம்புவார். ஊரே கையெடுத்துக் கும்பிடுகிற மனுஷனுக்கு ஒரு வெற்றிலையை மடித்துக் கொடுத்துப் பேச ஆளில்லை. என்ன ஊரோ!

ஏழு வருஷத்துக்கு முன்னால் அது சாதாரண டீசல் கார். மானாவாரியில் கொத்தமல்லி நன்றாக விளைந்த ஒரு வருஷம், மனைவி தங்கச்செல்வி ஆசைப்பட்டாள் என்று பழைய வண்டியாகப் பார்த்து வாங்கினார். அதே வண்டியில்தான் ஒரு மத்தியானம் நெஞ்சு வலியோடு அவளை அருப்புக்கோட்டைக்குக் கொண்டுபோனார். பாதி வழியிலேயே உயிர் போய்விட்டது. "இன்னும் கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாம்" என்றார் டாக்டர். பிள்ளைகள் இல்லாத வீட்டுக்கு அவர் தனியாகத் திரும்பினார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுவாரம் காரை எடுத்துக்கொண்டு கோயம்புத்தூர் போனார். அங்கே ஒருவன் லேப்டாப்பைச் சொருகி, எஞ்சினுக்குள் போகிற டீசலையும் காற்றையும் கூட்டிவைத்தான். மிதித்தால் வண்டி பறந்தது. அதுவும் போதாதென்று அடுத்த வருஷம் இன்னும் கொஞ்சம் கூட்டினார். இனி இந்த ஊரில் ஒரு உயிர் வழியில் போகக் கூடாது என்பது அவர் பிடித்த பிடிவாதம்.

பந்தல்குடி மெக்கானிக் மாதவனுக்கு அந்த வண்டியைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். ஏழு வருஷத்தில் இரண்டு டர்போ, மூன்று கிளட்ச். ஒவ்வொரு தடவையும் தலையிலடித்துக்கொண்டுதான் பானட்டைத் திறப்பான்.

"கம்பெனிக்காரன் வச்ச அளவு சும்மா வச்சதாண்ணே? நம்ம ஊரு வெயிலுக்கு அதுவே சூடு. அதுக்கு மேல இம்புட்டு மிதிச்சா எஞ்சின் என்னத்துக்கு ஆகும்?"

"போற உசுர நிப்பாட்ட முடியுமாடா? வண்டிய வேணா திரும்பச் செஞ்சுக்கிடலாம்" என்பார் பால்பாண்டி.

போன சித்திரையில் கருத்தம்மாளின் மருமகள் ரேணுகாதேவிக்கு வலி கண்டது. மாமியாரும் மருமகளும் பின் சீட்டில். உச்சி வெயில். மக்காச்சோளக் காடுகளைத் தாண்டிய இடத்தில் வெப்பம் காட்டும் முள் சிவப்புக்கு ஏறியது. பால்பாண்டி அதைப் பார்த்தார், பார்த்தும் மிதித்தார். முன்பக்கமிருந்து குபுகுபுவென்று ஆவி கிளம்பி, வண்டி நடு ரோட்டில் நின்றுவிட்டது. நிழலுக்கு ஒரு வேப்பமரம்கூட இல்லை. ரேணுகாதேவி அலறினாள். கருத்தம்மாள் முந்தானையால் விசிறிக்கொண்டே சாமியை எல்லாம் கூப்பிட்டாள். ஆடு ஏற்றிப்போன ஒரு மினி லாரிக்காரன் நிறுத்தி, ஆடுகளை இறக்கிக் கட்டிவிட்டு அவளைக் கொண்டுபோனான். புண்ணியவான்! ஆண் குழந்தை, தாயும் பிள்ளையும் சுகம்.

"நீங்க என்ன தம்பி செய்வீக, மிஷினுதானே" என்றாள் கருத்தம்மாள் மறுநாள். திட்டியிருந்தால் தேவலை. அதற்குப் பிறகு பரளச்சியிலிருந்து அவருக்கு ஒரு போன்கூட வரவில்லை. நோயாளிகளாவது ஏறிக்கொண்டிருந்த வண்டியில் இப்போது அவர்களும் இல்லை. வீட்டில் போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சிக்னல் இருக்கிறதா என்று பத்துத் தடவை பார்த்தார். இருந்தது.

மாதவன் எஞ்சினைப் பிரித்து, சூட்டில் கோணிப்போன சிலிண்டர் ஹெட்டைச் சீராக்கிப் பூட்டினான். பிறகு லேப்டாப்பை எடுத்தான்.

"கம்பெனி அளவுக்கே இறக்கிட்டேண்ணே. இப்படியே ஓட்டுனா இன்னும் பத்து வருசம் நம்பிப் போகலாம்."

"மெதுவாப் போற வண்டி எனக்கு எதுக்குடா?"

"எத்தனை நிமிசம் மிச்சம் புடிச்சீக இத்தனை வருசமா? என்னைக்காச்சும் பாத்திருக்கீகளா?"

பால்பாண்டி பார்த்ததேயில்லை.

"வீட்டுலருந்து ஆஸ்பத்திரி வாசலுக்கு ஒருக்க ஓட்டிப் பாருங்க. நாளைக்குப் பழைய அளவுலயே ஏத்தித் தாரேன், அதே நேரத்துக்கு அதையும் ஓட்டிப் பாருங்க. அப்புறம் நீங்க சொல்றதுதான்."

முதல் நாள் காலை எட்டு மணிக்கு, கம்பெனி அளவில், முப்பத்தோரு நிமிஷம். மறுநாள் அதே எட்டு மணிக்கு, உறுமுகிற அளவில், இருபத்தேழு. வேகத்தடைகள் அதே வேகத்தடைகள். குறுக்கே வந்த ஆட்டு மந்தையும், டவுனுக்குள் பஸ்ஸுக்குப் பின்னால் ஊர்ந்ததும் இரண்டு நாளும் ஒன்றுதான்.

நாலு நிமிஷம். ஆஸ்பத்திரி வாசலில் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். வாட்ச்மேன் வந்து கண்ணாடியைத் தட்டி, வண்டியை எடுக்கச் சொன்னான்.

பந்தல்குடியில் மாதவன் கையைத் துடைத்துக்கொண்டே வந்தான்.

"எத்தனைண்ணே?"

"நாலு."

பால்பாண்டியே மேலே பேசினார்; ஆயில் பிளக்கைக் கழற்றிவிட்ட மாதிரி பேச்சு கொட்டியது.

"அன்னைக்கு அவ நெஞ்ச அடைக்குதுன்னா மாதவா. நான் வாயுன்னேன். கடையில போயி சோடா வாங்கியாந்து, உப்புப் போட்டுக் குடுத்தேன். கொஞ்சம் நடந்தா ஏப்பம் வந்துரும், நடன்னு சொன்னேன். நடந்தாப்பா. வீட்டு முத்தத்துலயே போயிட்டுப் போயிட்டு வந்தா. நான் கட்டில்ல படுத்துக்கிட்டு இன்னும் ரெண்டு சுத்து, இன்னும் ரெண்டு சுத்துன்னேன். ஒரு மணி நேரம். வண்டியில ஏத்துனது அதுக்கு அப்புறந்தான்."

இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. டாக்டரிடம் சொல்லவில்லை, மாமனார் வீட்டில் சொல்லவில்லை. கார் மெதுவாகப் போய்விட்டது என்றுதான் ஊருக்கெல்லாம் சொன்னார். சொல்லிச் சொல்லி அவரே நம்பிவிட்டார். மாதவன் லேப்டாப்பைச் சொருகினான்.

"கம்பெனி அளவுக்கே வச்சிரு. சைலன்சரையும் பழசையே மாட்டிரு" என்றார் பால்பாண்டி.

சாயங்காலம் திரும்பும்போது வண்டி சத்தமில்லாமல் போனது. மிதித்தால் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் வேகம் எடுத்தது. வழியில் ஒரு கண்மாய்க் கரை வளைவு வந்தது. தங்கச்செல்வியின் தலை அவர் தோளில் சாய்ந்தது அங்கேதான். அதற்குப் பிறகு அவள் எழவில்லை. இந்த ஏழு வருஷத்தில் எத்தனையோ தடவை அந்த வளைவைத் தாண்டியிருக்கிறார்; ஒரு தடவைகூட நூறுக்குக் கீழே தாண்டியதில்லை. வண்டியில் ஆள் இல்லாத நாட்களிலும் அப்படித்தான்.

அன்று ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைத்தார். கண்மாயில் தண்ணீர் இல்லை. சீமைக் கருவேலம் மண்டிக் கிடந்தது. அழுகை வந்தது. துடைக்காமல் அழுதார்.

"நீ நடந்தது போதும்னு நான் சொல்லியிருக்கணும் புள்ள" என்றார் பக்கத்து சீட்டைப் பார்த்து.

அவள் போன பிறகு அவர் அவளிடம் பேசியது அன்றுதான்.