மிதிப்பதற்கு முன் மூன்று கேள்விகள்

நான் காலால் பிறந்தவள். தலைக்குப் பதிலாகக் கால் முதலில் வெளிவந்த பிள்ளை முதுகில் ஏறி மிதித்தால் பிடிப்பு விட்டுவிடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. விழுப்புரத்தில் எங்கள் தெருவுக்கு அப்படி நான் ஒருத்திதான். எட்டு வயதுக்குள் பால்காரர், போஸ்ட்மேன், இரண்டு வாத்தியார்கள் என் காலடியில் குப்புறக் கிடந்து எழுந்திருந்தார்கள்.

மிதிப்பதற்கு நான் வைத்த விதிகள் அனுபவத்தில் வந்தவை. வயிறு முட்டக் கேப்பைக் களி உண்டுவிட்டு வந்த ஒருவர், நான் ஏறியதும் அதைப் பாயிலேயே திருப்பிக் கொடுத்தார். இன்னொருவர் மடியில் வைத்திருந்த பாக்குவெட்டி அவர் தொப்பையையே பதம் பார்த்தது. ஆகவே கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிவைத்தேன்: என்ன சாப்பிட்டார், மடியில் என்ன இருக்கிறது, பிடிப்பு இதற்கு முன் வந்திருக்கிறதா. மூன்றாவது கேள்வி, ஊசி போடும் டாக்டரைப் பார்த்துக் காப்பியடித்தது. மூன்றுக்கும் பதில் வராமல் காலைத் தூக்க மாட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தையைப் பெண் பார்க்கத் திண்டிவனத்திலிருந்து வந்திருந்தார்கள். அத்தை, அப்பாவின் தங்கை. முன்பு வந்த இரண்டு வரன்களில் ஒருவர் வயதைக் குறைத்திருந்தார்; இன்னொருவர் இல்லாத வேலையைச் சொல்லியிருந்தார். இனி எவன் பேச்சையும் நம்புவதில்லை என்று அத்தை சொல்லிவிட்டாள். இதுவும் தட்டிப்போனால் அவளுக்குக் கல்யாணமே ஆகாது என்று அப்பா பயந்துபோயிருந்தார்.

எல்லாம் நல்லபடியாக முடிந்து கிளம்பும் நேரம். பாயிலிருந்து எழுந்த மாப்பிள்ளை பாதியிலேயே நின்றார். பிறகு மெதுவாகப் பாய்க்கே திரும்பிப் போனார்.

"பழக்கூடைய பஸ் மேலேருந்து எறக்கினான் பாருங்க, அதான்" என்றார் அவருடைய அம்மா அவசரமாக.

"கவலப்படாதீங்க, எங்க பாப்பா காலால பொறந்தது" என்றாள் என் அம்மா.

நான் நோட்டோடு வந்தேன். மாப்பிள்ளை குப்புறக் கிடந்தார்.

"இன்னா சாப்ட்டீங்க?"

"ரெண்டு பஜ்ஜிதான் சாப்ட்டான்" என்றார் அவர் அம்மா.

"இல்ல பாப்பா. ஆறு. கேசரி ரெண்டு தட்டு" என்று பாய்க்குள்ளிருந்து குரல் வந்தது.

சமையலறைக் கதவுக்குப் பின்னால் யாரோ சிரிப்பை அடக்கினார்கள்.

"அப்போ ஒரு மணி நேரம் ஆவணும்" என்றேன்.

"பஸ்ஸுக்கு நேரமாவுது, ஜல்தியா மிதிச்சு உடு" என்றார் அப்பா. நான் நோட்டைக் காட்டினேன். இரண்டு குடும்பங்களும் ஒரு மணி நேரம் அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. அதற்குள் மடியைச் சோதித்து ஒரு சீப்பையும் சாவிக்கொத்தையும் கைப்பற்றினேன்.

"முன்னாடி எப்பனா இப்பிடி வந்துகீதா?"

அவர் அம்மா குனிந்து அவர் கையை அமுக்கினார்.

"வந்துருக்குது பாப்பா. மூணு வருஷம் முன்னாடி மல்லாட்டை மூட்டை தூக்கினதுல புடிச்சது. வருஷத்துக்கு ரெண்டு தரம் வரும். வந்தா நாலு நாளு எழுந்துக்க முடியாது."

"இன்னாடா ஒளறிக்கினு கீற?"

"டாக்டர் கேட்டா சொல்லணும்மா."

என்னை டாக்டர் என்று சொன்ன முதல் மனிதர் அவர். கவனமாக மிதித்தேன். அவர் எழுந்து, சமையலறைக் கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, பக்கவாட்டில் நண்டுபோல நடந்து பஸ்ஸுக்குப் போனார்.

வழியனுப்பிவிட்டு வந்த அப்பா கொதித்தார். "நோயாளிய நம்ம தலயில கட்டப் பாக்குறாங்க. வாணாம்னு எழுதிடறேன்."

அத்தை என்னைக் குழாயடிக்கு இழுத்துப் போனாள்.

"நீ கேட்டதும் சொன்னாரா, யோசிச்சு சொன்னாரா?"

"ஒடனே சொன்னாரு."

"அவங்க அம்மா கைய அமுக்கினாங்களே?"

"அதுக்கப்புறந்தான் எல்லாத்தயும் சொன்னாரு."

அத்தை முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே போனாள். "அண்ணா, எழுத வாணாம். எனக்குச் சம்மதம்."

"எழுந்துக்க முடியாதவனயா?"

"அதுக்குத்தான் நம்ம பாப்பா இருக்குதே."

என் வைத்தியத்தை நம்பித்தான் அத்தை கழுத்தை நீட்டுகிறாள் என்று எனக்கு உறுதியாயிற்று. கல்யாணமான ஆறாவது மாதம், மாமா படுத்துவிட்டார் என்று திண்டிவனத்திலிருந்து ஆள் வந்ததும், நோட்டை எடுத்துக்கொண்டு அவரோடு பஸ் ஏறினேன். குணப்படுத்தியதாக நம்பவைத்து அத்தையை ஏமாற்றிவிட்டேன். வாழ்க்கையே போயிற்று என்று அவள் அழுதால் என்ன பதில் சொல்வது? பஸ்ஸில் வழியெல்லாம் அதையே யோசித்தேன்.

வாசலிலேயே ஒப்புக்கொண்டேன். "அத்த, அன்னிக்கு நான் சரியா மிதிக்கல போலருக்குது."

அத்தை நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். உள்ளே மாமாவும் சிரித்து, வலி தாங்காமல் "ஐயோ" என்று கத்தி, மறுபடி சிரித்தார். முதுகு பிடித்த புருஷனை வைத்துக்கொண்டு ஒருத்தியால் எப்படி இவ்வளவு சந்தோஷமாக இருக்க முடிகிறது என்று அன்று எனக்கு விளங்கவில்லை.