கன்ட்ரோலும் எஸ்ஸும்

"கையை எடுங்கண்ணே. ரெண்டு கையையும்."

சரக்குப் பிரிவு குமாஸ்தா போலீஸைக் கண்டவர்போல் கைகளைத் தூக்குகிறார். மாடி அறையிலிருந்து கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் மாடியக்கா குனிந்து இரண்டு விசைகளை அழுத்துகிறார். உறைந்து நின்ற கறுப்புத் திரையில் எழுத்துகள் கடகடவென்று ஓடுகின்றன.

"என்னத்தை அமுக்குனீங்க?"

"ஒண்ணுமே அமுக்கலையேம்மா."

"ஊர்ல ஒருத்தரும் ஒண்ணும் அமுக்கலை. அது தானா நின்னுடுது."

இந்த அலுவலகத்தில் எல்லா மேசைகளிலும் விண்டோஸ். சரக்குப் பட்டியல் மட்டும் மாடி அறையில், யூனிக்ஸ் என்ற வேறு அமைப்பில் ஓடும் பழைய கணினி ஒன்றில் இருக்கிறது. கீழே இருப்பவர்களுக்கு அது தங்கள் திரையில் திறக்கும் ஒரு கறுப்பு ஜன்னல். எழுதியதைச் சேமிக்க கன்ட்ரோலையும் எஸ்ஸையும் அழுத்திப் பழகிய விரல்கள் அங்கும் அதையே அழுத்தும். அங்கே அதற்கு 'நில்' என்று பொருள். திரை நின்றுவிடும். விடுவிப்பது கன்ட்ரோலும் கியூவும். அக்கா இதை ஒளித்ததில்லை. சீட்டில் எழுதி ஒவ்வொரு திரையின் ஓரத்திலும் ஒட்டியிருக்கிறார். "படிக்கிறாங்க, தலையாட்டுறாங்க. கைக்குத்தான் காது கிடையாது."

ஒரு நாளைக்குப் பதினான்கு அழைப்புகள். வலிக்கும் முழங்காலோடு இருபத்திரண்டு படிகள். கொண்டையில் எப்போதும் ஒரு ஸ்க்ரூ டிரைவர். "இறங்குனதுதான் இறங்குனேன்" என்று ஆடும் நாற்காலியை முடுக்குவார், குமாஸ்தாவின் மகள் போன நேர்முகத்தேர்வு என்னவாயிற்று என்று கேட்பார், அழாமல் இருப்பவளிடமும் "ஏன் அழுத?" என்பார். பெரும்பாலும் அது சரியாக இருக்கும்.

போன மாதம் புது மேலாளர் செலவைக் குறைக்க உத்தரவு போட்டார். ஒரு பிரிவுக்கு ஒரு நாளைக்கு இரண்டு அழைப்புகள்தான். மொத்தம் ஐந்துக்குக் கீழே வந்துவிட்டால் அக்காவுக்கு அரைநாள் வேலை, அரைச் சம்பளம். இந்த அரைச் சம்பள விஷயத்தை அக்காவிடம் மட்டும் தனியாகச் சொன்னார்.

மாடிக் கணினியில் ஒரே ஒரு வரி சேர்த்தால், அந்த இரண்டு விசைகளால் எந்தத் திரையும் நிற்காது. அக்காவுக்கு அது மூன்று வருஷமாகத் தெரியும். "போடணும், போடணும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

செவ்வாய்க்கிழமை பிரிண்டரில் சிக்கிய காகிதத்தை எடுக்க இறங்கியபோது, குமாஸ்தா காலைப் பட்டியலை முதல் வரியிலிருந்து மறுபடி அடித்துக்கொண்டிருந்தார். திரை நின்றிருக்கிறது. பிரிவின் இரண்டு அழைப்புகளும் அதற்குள் தீர்ந்திருந்தன. மனிதர் ஜன்னலையே மூடிவிட்டார். நூற்றெண்பது வரிகள் போய்விட்டன.

"என்னைக் கூப்பிட வேண்டியதுதானே?"

"மூணாவது தடவை கூப்பிட்டா உன்னை ஏதாவது சொல்லுவாங்களோன்னுதான்மா."

அக்கா சிக்கிய காகிதத்தை உருவிக் கசக்கிப் போட்டார். பிறகு மாடிக்குப் போய் அந்த வரியைச் சேர்த்தார்.

மறுநாள் மூன்று அழைப்புகள் வந்தன. இரண்டு பிரிண்டருக்கு, ஒன்று கடவுச்சொல் மறந்ததற்கு. பதினோரு மணிக்கு, யாரும் கூப்பிடாமலே, அக்கா இறங்கி வந்தார்.

"கையை எடுங்கண்ணே."

"நல்லாத்தானே ஓடுது?"

அக்கா கன்ட்ரோலையும் எஸ்ஸையும் அழுத்தினார். திரை நிற்கவில்லை. இன்னொரு முறை அழுத்திப் பார்த்தார். பிறகு கொண்டையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை உருவிக்கொண்டு, முழங்காலைப் பிடித்தபடி குமாஸ்தாவின் நாற்காலிக்கு அடியில் குனிந்தார்.

"நாற்காலி ஆடலையேம்மா."

"இறங்குனதுதான் இறங்குனேன்" என்று இறுகியிருந்த திருகாணியை இன்னும் ஒரு சுற்று முடுக்கினார்.