ரேடியேட்டரில் கொட்டிய மஞ்சள்தூள்

அறுபதுகளின் கடைசியில், கீழச்சிவல்பட்டியில் நான் ஒரு பழைய கார் வைத்திருந்தேன். ரேடியேட்டரில் சின்ன ஒழுக்கு. மஞ்சள்தூள் போட்டால் அடைபடும் என்று எங்கள் பக்கத்து டிரைவர்கள் சொல்வார்கள். ஒரு கரண்டி போதும். நான் அரை டப்பாவைக் கொட்டினேன். ஒழுக்கு நின்றது.

மறுநாள் திருப்பத்தூர் போய்த் திரும்பும்போது, வீட்டு வாசலில் என்ஜின் கொதித்து நின்றுவிட்டது. ஆத்திரத்தில் காரை எட்டி உதைத்தேன். பானெட்டைத் திறந்து, ரேடியேட்டர் மூடியில் துண்டைப் போட்டுத் திருகினேன்.

"தொடாதீக! உள்ள கொதிக்குது" என்று ஓடிவந்து என் கையைப் பிடித்தாள் மனைவி.

"நீ என்னத்தக் கண்ட?" என்று அவளை உதறிவிட்டு, இன்னொரு திருகு திருகினேன். மூடி வெடித்துப் பறந்தது. மஞ்சளாகப் பீறிட்ட கொதிநீர் அவள் வலது கையில் அடித்தது. தோல் வழன்று தொங்கியது. அந்த அலறலில் தெருவே கூடிவிட்டது.

ரேடியேட்டரைக் கழற்றிய மெக்கானிக், "என்னண்ணே, உள்ள குழம்பா வச்சீக?" என்றார். மஞ்சள் கட்டிப்பட்டு, தண்ணீர் ஓடும் குழாய்களை அடைத்திருந்தது. ரப்பர் குழாயில் தண்ணீர் பாய்ச்சி, கலங்கல் போகும்வரை நானே கழுவினேன்.

அதற்குப் பிறகு கார் சூடானால், தழும்பேறிய அந்தக் கையை அவள் பானெட்டில் வைத்துப் பார்ப்பாள். "இப்பத் தொறங்க" என்று அவள் சொல்லும்வரை நான் மூடியைத் தொட்டதில்லை.