வெள்ளையாகவே நின்ற தண்ணீர்

எங்கள் மலையூரின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் மூன்று வருடம் வேலை பார்த்தேன். ஓட்டல்களும் தங்கும் விடுதிகளும் வெளியேற்றும் அழுக்குத் தண்ணீரைச் சுத்தம் செய்து ஆற்றில் விடுவது அந்த நிலையத்தின் பொறுப்பு. விட்ட தண்ணீர் எப்படி இருக்கிறது என்று சோதித்து ரிஜிஸ்டரில் எழுதுவது என் வேலை. எங்கள் தேயிலை எஸ்டேட்டின் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்திலிருந்து வேதியியல் படித்து, கொழுந்துக் கூடை சுமக்காமல் வேலைக்குப் போன முதல் பெண் நான். அந்தப் பெருமையில் கொஞ்ச நாள் கண்ணை மூடிக்கொண்டும் இருந்திருக்கிறேன்.

மழைக்காலம் முடிந்த சமயம், தொட்டிக்குள் காற்று ஊதும் இயந்திரம் பழுதானது. காற்று இல்லாவிட்டால் அழுக்கைத் தின்னும் கிருமிகள் செத்துப்போகும். பிறகு அது வெறும் சாக்கடைக் குளம்தான். நிலையத்தை நடத்திய ஒப்பந்தக்காரரின் என்ஜினியர் இயந்திரத்தைச் சரிசெய்யவில்லை. எங்கள் குழாய் ஆற்றில் விழும் இடத்துக்கு மேலே, ஆறு சுத்தமாக ஓடும் இடத்தில், தண்ணீர் எடுத்துச் சோதிக்கச் சொன்னார். இரண்டு முறை அப்படியே எடுத்தேன். கையெழுத்தும் போட்டேன். அதை இங்கே மறைக்க விருப்பமில்லை.

மூன்றாம் முறைக்கு முன்னால், பக்கத்து வீட்டு அக்கா என்னை வழியில் நிறுத்தினார். குழாய்க்குக் கீழே உள்ள துறையில்தான் லயத்துப் பெண்கள் துணி துவைப்பார்கள். அக்கா சேலையைக் கொஞ்சம் தூக்கிக் கணுக்காலைக் காட்டினார். சொறிந்து சொறிந்து புண்ணாகியிருந்தது.

“உங்க மெஷினு ஓடுதா இல்லியா? உண்மையச் சொல்லு புள்ள.”

“ஓடலக்கா.”

“அப்ப தண்ணி நல்லாருக்குன்னு யாரு எழுதிக் குடுக்கா?”

நான்தான் என்று சொல்லாமல், குனிந்து அவர் வாளியைத் தூக்கப் போனேன். அவரே அதை எடுத்துக்கொண்டு போய்விட்டார். திட்டியிருந்தால் தேவலை.

மறுநாள் மலையாளியான என்ஜினியர், கையெழுத்துப் போட்டால் போதும் என்று ரிஜிஸ்டரை என் பக்கம் நகர்த்தினார்.

“ஒரு ஒப்பு இட்டா மதி. பிரஸ்னம் ஒண்ணும் இல்ல.”

“போட மாட்டேன் சார். கீழ தண்ணி எடுத்து, வர்றத எழுதுறேன். அதுக்கு வேணா கையெழுத்துப் போடுறேன்.”

“ஜோலி வேண்டாமோ?”

“ஜோலி வேணும். பொய் எழுதுறது ஜோலி இல்ல சார்.”

அந்த ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடத்தில் கிராமசபை கூடியது. இரண்டு கண்ணாடிக் குப்பிகளோடு போனேன். ஒன்றில் குழாய்க்கு மேலே எடுத்த தண்ணீர், மற்றதில் கீழே எடுத்தது. சோதனைக்கான கரைசல்களைப் பள்ளியின் வேதியியல் டீச்சர் கொடுத்திருந்தார். நிலையம் நன்றாக ஓடுகிறது என்று என்ஜினியர் சொல்லி உட்காருமுன் நான் எழுந்துவிட்டேன்.

“இந்த மருந்த ஊத்துனா, தண்ணியில மூச்சுக்காத்து இருந்தாப் பழுப்பாகும். இல்லன்னா வெள்ளையாவே நிக்கும். நீங்களே பாருங்க.”

மேல் தண்ணீரில் பழுப்பு திட்டுத்திட்டாக இறங்கியது. கீழ்த் தண்ணீர் மோர்போல நின்றது. மூடிக் குலுக்கினேன். அப்போதும் வெள்ளைதான். அக்கா பின்வரிசையிலிருந்து வந்து, அந்தக் குப்பியை எடுத்துப் பஞ்சாயத்துத் தலைவரின் கையில் வைத்தார்.

“இதுலதான் நாங்க தெனமும் நிக்கோம். நீங்க கொஞ்ச நேரம் கையில வச்சிருங்க.”

இயந்திரம் எப்போது ஓடும் என்று எழுதித் தராமல் எழுந்திருக்க மாட்டோம் என்று பெண்கள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். சாயங்காலத்துக்குள் தலைவர் எழுதிக் கொடுத்தார். அடுத்த மாதம் புது இயந்திரமும் வந்தது. அதற்கு முன்பே எனக்கு வேலை போயிருந்தது. கேட்டில் வைத்தே வாட்ச்மேன் சொல்லிவிட்டார், என் முகத்தைப் பார்க்காமல். இரண்டு நாள் அம்மாவுக்குக் கோபம்; நானும் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள், “சாப்புடு, நீ பயந்துட்டன்னு அந்த என்ஜினியரு நெனச்சிரப் போறான்” என்று தட்டை வைத்தார்.

இப்போது அந்தப் பள்ளியின் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். சனிக்கிழமைதோறும் ஐந்து பெண்களாக ஆற்றைச் சோதிக்கப் போகிறோம். போன வாரம் நிலையத்தின் மதிலுக்குள்ளிருந்து, அங்கே புதிதாக வேலைக்கு வந்த ஒருவர் எங்களிடம் அனுமதிக் கடிதம் கேட்டார்.

“எங்க ஆத்துல எறங்க ஒங்ககிட்ட கடுதாசி வாங்கணுமா?” என்றார் அக்கா, முழங்கால் தண்ணீரில் நின்றபடி.

அன்றைய சோதனை முடிவு அத்தனை நன்றாக இல்லை. திங்கட்கிழமை பஞ்சாயத்து ஆபீஸ் திறப்பதற்கு முன்பே அந்த முடிவை எழுதிய தாளோடு ஐந்து பேரும் வாசலில் நின்றோம்.