குழிக்குள் சாம்பிராணி

1. பஸ் ஸ்டாண்டில்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை செஞ்சி பஸ் ஸ்டாண்டில் அஞ்சலை என்னை மடக்கினாள். அவள் எங்கள் அகழாய்வில், நான் சூப்பர்வைசராக இருக்கும் குழியில், மண் அள்ளும் பெண்களில் ஒருத்தி. என் வயதுதான் இருக்கும். நிறைமாதமாக இருந்த மகளுக்கு ஏதோ டானிக் வாங்கிக்கொண்டு ஊர் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தாள். நான் காய்கறிப் பையோடு வந்துகொண்டிருந்தேன்.

"மேடம், ஒண்ணு கேட்டா திட்ட மாட்டீங்களே?"

"கேளு."

"சாமிக்குக் காட்டன நெருப்பு கீழ வுழுந்து, அத்த காலால மெறிச்சிட்டா தோஷமா?"

"எங்க வுழுந்துச்சி?"

"நம்ம குழியிலதான், தாழிகிட்ட. வெள்ளிக்கெழம சாப்பாட்டு நேரத்துல நீங்க டென்ட்ல போட்டோ பாத்துனு இருந்தீங்களே, அப்ப."

"இன்னாடி சொல்ற?" என்று நான் போட்ட சத்தத்தில் டீக்கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அஞ்சலை கப்பென்று வாயை மூடிக்கொண்டாள். பிறகு அவளிடமிருந்து முழு விஷயத்தையும் வாங்க அரைமணி நேரமும் இரண்டு டீயும் ஆயின.

"வியாழக்கெழம டிவில ஒரு படம் போட்டான் மேடம். சமாதியத் தொறந்தவன் ஒவ்வொருத்தனா நொர தள்ளி சாவுறான். நம்ம தாழி மூடியத் தூக்கனது நான்தானே? வீட்ல பொண்ணு இன்னிக்கோ நாளைக்கோன்னு இருக்குது. எனக்குத் தூக்கமே வரல."

அதனால் மறுநாள் மத்தியானம் டீ அடுப்பிலிருந்து கொட்டாங்குச்சித் தணலை ஒரு உடைந்த ஓட்டில் எடுத்து, சாம்பிராணி தூவி, குழிக்குள் இறங்கித் தாழியைச் சுற்றிக் காட்டியிருக்கிறாள். ஓடு சுட்டுக் கை தவறிவிட்டது. தணல் சிதறியதும் காலால் மிதித்து அணைத்து, பிரஷ்ஷால் பெருக்கியும் விட்டாள். பெருக்கக் கற்றுக்கொடுத்தது நான்தான்.

"அன்னிக்கே ஏன் சொல்லல?"

"நீங்கதான் எல்லாரையும் கத்துனு இருந்தீங்களே."

அது உண்மை. வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குத் தாழியின் பக்கத்து மண்ணில் கறுப்பாக ஏதோ தெரிந்தது. கரித்துண்டுகள்! "எவளும் உள்ள வராத, எல்லாரும் மேல ஏறு!" என்று தொண்டை கிழியக் கத்தி அத்தனை பேரையும் துரத்தினேன். ஏறிப் போனவர்களில் அஞ்சலையும் ஒருத்தி. நான் மூன்று இடங்களில் இருந்து கரியை எடுத்து மூன்று பொட்டலம் கட்டினேன். திங்கட்கிழமை காலை அவை லேபுக்குப் போக வேண்டும்.

2. கரிக்கு என்ன அவ்வளவு மரியாதை

பள்ளிக்கூடங்களில் பேசக் கூப்பிடுவார்கள். போனால் பிள்ளைகள் கேட்பது எப்போதும் இரண்டே கேள்வி: தங்கம் கிடைத்ததா, சாபம் உண்டா? எல்லாம் சினிமா செய்த வேலை. படத்தில் நாயகன் பெட்டியைத் திறப்பான், சுவரிலிருந்து அம்பு பாயும், பொருளைத் தூக்கிக்கொண்டு ஓடுவான். எங்கள் வேலையில் அப்படித் தூக்கிக்கொண்டு ஓடினால் அந்தப் பொருள் செத்தது. எந்த ஆழத்தில், எந்த மண் அடுக்கில், எதன் பக்கத்தில் கிடந்தது என்று தெரியாத பொருள் வெறும் அலமாரி அலங்காரம்தான்.

இது படத்தில் மட்டும் நடந்ததில்லை. பழைய காலத்தில் ஈமக் குழிகளைப் புதையலுக்காகவும் வேடிக்கைக்காகவும் உடைத்துப் பார்த்தவர்கள் உண்டு. அவர்கள் எடுத்த பானைகள் சில இன்னும் இருக்கின்றன, அவை வாய் திறப்பதில்லை. செஞ்சிக் கோட்டைக்கு வருகிறவர்கள் இன்றைக்கும் என்னிடம் புதையல் எந்தப் பக்கம் என்றுதான் கேட்கிறார்கள். எனக்கு எரிச்சல் வரும்.

நாங்கள் தோண்டியது வல்லம் போகும் வழியில் ஒரு மல்லாட்டைக் கொல்லையில், வெளியூர்க்காரர்கள் சொல்வதுபோல் வேர்க்கடலை வயலில். பெரிய கற்களை வட்டமாக நட்டு, நடுவில் தாழி வைத்துப் புதைத்த பழைய ஈமக்காடு அது. கிடைத்தவை நாலு கிண்ணம், துருப்பிடித்த ஒரு இரும்புத் துண்டு, கொஞ்சம் உளுத்த எலும்பு. தங்கம் குன்றிமணி அளவுகூட இல்லை. அந்த மனிதர் எந்தக் காலத்தவர் என்று சொல்லக்கூடியது கரி ஒன்றுதான்.

மரம் உயிரோடு இருக்கும்வரை காற்றிலிருந்து கார்பனை எடுத்துக்கொண்டே இருக்கும். செத்ததும் எடுப்பது நின்றுவிடும். உள்ளே இருப்பதில் ஒரு வகை கார்பன் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். எவ்வளவு மிச்சம் என்று அளந்தால் மரம் செத்த காலம் தெரியும். அதனால் கரியைக் கையால் தொட மாட்டோம். கொத்துக்கரண்டி நுனியால் எடுத்து அலுமினிய ஃபாயிலில் மடிப்போம். பக்கத்தில் பீடிகூடப் பிடிக்க விடமாட்டேன். இவ்வளவு காவலுக்கு நடுவில்தான் சாம்பிராணி போட்டிருக்கிறாள்.

முழுக்கப் புதுக் கரியாக இருந்தால்கூடப் பரவாயில்லை. லேப்காரர்கள் இது இந்தக் காலத்துச் சரக்கு என்று சிரித்துவிடுவார்கள். பழையதும் புதியதும் கலந்திருந்தால்தான் ஆபத்து. நம்பும்படியான ஒரு பொய்த் தேதி வரும், யாருக்கும் சந்தேகமே வராது. அந்தத் தேதி புத்தகத்தில் அச்சாகும்.

3. போன்

அன்று மத்தியானம் வரை யாருக்கும் போன் செய்யவில்லை. விஷயம் தெரிந்தது எனக்கும் அஞ்சலைக்கும் மட்டும். அவளுக்கோ தோஷம் ஒன்றுதான் கவலை, கரியைப் பற்றி ஒன்றும் தெரியாது. நான் வாயைத் திறக்காவிட்டால் பொட்டலம் லேபுக்குப் போய்விடும். சொன்னால் மூன்று மாத உழைப்பும் போச்சு. புதன்கிழமை குழியை மூடி, விதைப்புக்கு நிலத்தைத் திருப்பித் தர வேண்டும். சாதத்தைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தேன்.

நாலு மணிக்கு டைரக்டர் சாரைக் கூப்பிட்டேன். சினிமா டைரக்டர் இல்லை, அகழாய்வை நடத்துகிறவரையும் நாங்கள் அப்படித்தான் சொல்வோம். நடந்ததை முழுக்கச் சொன்னேன்.

"அந்தப் பொம்பளைய நாளைக்கே நிறுத்திடுறேன் சார்" என்றேன்.

"நிறுத்துங்க. அப்புறம் இன்னொருத்தி இப்படி ஒண்ணு பண்ணா உங்ககிட்ட வந்து சொல்லுவான்னு நெனைக்கிறீங்க?"

எனக்குச் சுருக்கென்றது.

4. லென்ஸ்

திங்கட்கிழமை காலை டென்ட்டில் பொட்டலங்களைப் பிரித்தோம். டைரக்டர் சார் லென்ஸை வைத்துப் பார்த்தார். ஒன்றில் இருந்த துண்டு வளைந்து, கெட்டியாக, பளபளவென்று இருந்தது. கொட்டாங்குச்சி என்று எனக்கே தெரிந்தது. மற்ற இரண்டிலும் மர வரிகள் தெளிவாகத் தெரிந்தன. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"இது ரெண்டும் மரம் சார்! இத அனுப்பலாம்."

"டீ அடுப்புல கொட்டாங்குச்சி மட்டும்தான் எரிக்கிறாங்களா?"

நான் வெளியே போய் அடுப்பைப் பார்த்தேன். வேலிக்காத்தான் கட்டை புகைந்துகொண்டிருந்தது. திரும்பி வந்தபோது அவர் மூன்று லேபிளிலும் சிவப்பு மையால் குறுக்குக் கோடு போட்டிருந்தார்.

"நோட்புக்ல எழுதுங்க. யார் பண்ணாங்கன்னு வேணாம். இன்னா நடந்துச்சின்னு முழுசா எழுதுங்க" என்றார். அவரும் இந்தப் பக்கத்து ஆள்தான், மனசு கஷ்டப்பட்டால் பேச்சு ஊருக்குத் திரும்பிவிடும்.

5. தாழிக்கு அடியில்

மிச்சமிருந்த நம்பிக்கை ஒன்றே ஒன்று. தாழி வைத்த நாளிலிருந்து அதன் அடியில் இருக்கும் மண்ணை யாரும் தொட்டதில்லை, சாம்பிராணித் தணலும் அங்கே போயிருக்க முடியாது. ஆனால் அங்கே கரி இருக்க வேண்டுமே! தாழியை நகர்த்தினால் உடைந்துபோகும் பயம் வேறு. திங்கட்கிழமை முழுக்கத் துணியும் பிளாஸ்டரும் சுற்றிக் காயவிட்டோம். வானம் மூடிக்கொண்டு வந்தது. ஒரு தூறல் போட்டால் குழி சேறாகிவிடும் என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தேன்.

செவ்வாய்க்கிழமை ஆறு பேர் சேர்ந்து தாழியைத் தூக்கினார்கள். உடையவில்லை. அடியில் வெறும் செம்மண். மேலாக இரண்டு விரற்கடை சுரண்டச் சொன்னேன். சுரண்டியது அஞ்சலைதான், அவள் கைக்கு உள்ள நிதானம் எங்களில் யாருக்கும் கிடையாது. சட்டென்று கொத்துக்கரண்டியை நிறுத்தினாள்.

"மேடம், கறுப்பு."

உள்ளங்கை அகலத்துக்குக் கறை, அதில் மல்லாட்டைப் பருப்பு அளவில் இரண்டு துண்டு. டைரக்டர் சார் ஆவலோடு குனிந்தார்.

"சார், தள்ளி நில்லுங்க! வேர்வ சொட்டுது!" என்று அஞ்சலை அதட்டினாள். அவர் இரண்டடி பின்னால் போய் நின்றுகொண்டார்.

அந்தக் கரி லேபுக்குப் போய் ஒழுங்கான பதிலும் வந்தது. தேதியை அறிக்கையில் பார்த்துக்கொள்ளுங்கள். அஞ்சலையின் மகளுக்குச் சுகப்பிரசவம், பெண் குழந்தை.

6. யார் இன்னா தப்பு பண்ணீங்க?

இந்த வேலைக்கு வரும் இளையவர்களுக்குச் சொல்ல வந்தது இனிமேல்தான். அந்தச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் சாமான்களைக் கட்டும் முன் எல்லாரையும் உட்காரவைத்துக் கேட்டேன். "இந்தக் குழியில யார் யார் இன்னா தப்பு பண்ணீங்க? திட்ட மாட்டேன். சொல்லுங்க."

ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. என் கோபத்தைத் தெரிந்தவர்கள், எப்படித் திறப்பார்கள்? அதனால் நானே ஆரம்பித்தேன். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், வேறு ஊரில், மழைக்கு ஓடும்போது இரண்டு பைகளில் இருந்த பானைச் சில்லுகள் கொட்டிக் கலந்துவிட்டன. எது எந்த அடுக்கு என்று தெரியாமல் நிறத்தைப் பார்த்து நானே பிரித்து லேபிள் எழுதினேன். அன்றைக்கிருந்த சூப்பர்வைசர் என்னைப் போலவே கத்துகிறவர். அவரிடம் சொல்லவில்லை, அதற்கப்புறம் யாரிடமும் சொல்லவில்லை.

"அட, மேடமும் நம்ம கேஸுதான்!" என்றாள் அஞ்சலை. எல்லாரும் சிரித்தார்கள்.

பிறகு ஒவ்வொன்றாக வந்தது. ஒருத்தி ஒரு கிண்ணத்தை ஈர முந்தானையால் துடைத்திருந்தாள். இன்னொருத்தி பெயர்ந்து வந்த எலும்பைப் பழையபடி மண்ணில் செருகி வைத்திருந்தாள். ஆழமெல்லாம் அளக்கிற மூலை முளையில் ஒருவர் கால் தடுக்கி, அது பிடுங்கிக்கொண்டு வர, குத்துமதிப்பாக மறுபடி அடித்திருந்தார். அது நடந்து நான்கு நாள் ஆகியிருந்தது. நான்கு நாள் அளவுகளும் தப்பு. மறுநாள் குழியை மூடுவதற்குள் எல்லாவற்றையும் திரும்ப அளந்தோம், மூச்சு முட்டிவிட்டது. அன்றிலிருந்து எந்தக் குழியானாலும் தினமும் சாயங்காலம் அந்தக் கேள்வியைக் கேட்கிறேன், முதலில் என் தப்பைச் சொல்லிவிட்டு.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஒரு குழியில், அரைமணி நேரத்தில், மூன்று தவறுகள் வெளியே வந்தன. அதற்கு முன் இருபத்திரண்டு வருடத்தில் நான் பொறுப்பாக இருந்த குழிகளில் ஒரு நாளும் கேட்டதில்லை. அவற்றின் அறிக்கைகள் எல்லாம் அச்சாகிவிட்டன.