திருச்செந்தூர் என்று சொல்லிப் போன கிழமை

ஐம்பது தாண்டிய மூன்று பெண்கள் தீம் பார்க் பார்ப்பதற்காக ஒரு கிழமை சிங்கப்பூருக்குப் போகப்போகிறோம் என்று சொன்னதும், என் மகன் கைபேசியிலிருந்து தலையை நிமிர்த்திக் கேட்டான்: "ஆற்றை பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு போறியள்?"

"ஒருத்தற்றையும் இல்லை. நாங்கள்தான் ஏறப்போறம்," என்றேன்.

அவன் சிரித்த சிரிப்பில் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தாய்மார் என்றால் கோயிலுக்குப் போகலாம், செத்த வீட்டுக்குப் போகலாம், ஆஸ்பத்திரியில் யாருக்காவது பக்கத்தில் இருக்கலாம். தலைகீழாகத் தொங்கிக் கத்துவதற்கு மட்டும் போகக்கூடாது. அன்றைக்கு அவனுக்குப் புட்டும் சம்பலும்தான். கறி வைக்கவில்லை.

நாங்கள் மூவரும் பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்தவர்கள். நான் கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு பிளாட்டில் இருக்கிறேன். கணக்குப் படிப்பித்து ஓய்வு பெற்றவள். வாய் கொஞ்சம் நீளம். மற்றவள் கொட்டாஞ்சேனைக்காரி, வேதக்காரி, எதற்கெடுத்தாலும் "மாதாவே" என்பவள். மூன்றாவது ஆளைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். அவளும் வெள்ளவத்தைதான், என் வீட்டுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி. கலியாணம் செய்யவில்லை. அண்ணன்மார் இருவரும் கனடாவில். தாய் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்த நாள் தொடக்கம் படுக்கைதான். அவள் பாங்க் வேலையை விட்டுவிட்டு அம்மாவோடு இருந்துவிட்டாள். குளிப்பாட்டுவது, பிரட்டுவது, பாண் ரொட்டிக்குப் பதில் இடியப்பம் கேட்டால் இடியப்பம் அவிப்பது எல்லாம் அவள்தான்.

தீம் பார்க் ஆசையும் அவளுடையதுதான். சின்ன வயதில் கொழும்புக்குக் கார்னிவல் வந்தபோது அப்பா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். அண்ணன்மார் ராட்டினத்தில் ஏறினார்கள். "பொம்பிளைப் பிள்ளை, சட்டை பறக்கும், நீ கீழ நில்லு" என்று இவளை நிறுத்திவிட்டு, கழற்றிய செருப்புகளைக் கையில் கொடுத்திருக்கிறார்கள். இதை அவள் எங்களுக்கு எத்தனையோ முறை சிரித்துச் சிரித்துச் சொல்லியிருக்கிறாள். எனக்கு ஒருநாளும் சிரிப்பு வந்ததில்லை.

திட்டம் போட்டது காலி வீதியில் ஒரு சைவக் கடையில். சனிக்கிழமை காலையில் மச்சாள் ஒருத்தி பாமன்கடையிலிருந்து வந்து அம்மாவோடு கொஞ்ச நேரம் இருப்பாள். அந்த நேரத்துக்குள் இவள் ஓடிவந்து எங்களோடு வடையும் பிளேன்டீயும் எடுப்பாள். கைபேசியை நடுவில் வைத்து ரோலர் கோஸ்டர் வீடியோக்களைப் பார்ப்போம். கொட்டாஞ்சேனைக்காரிக்கு அதைப் பார்க்கவே தலைசுற்றி வாந்தி வரும்.

"மாதாவே, நான் கீழ நிண்டு உங்கட பைகளைப் பிடிக்கிறன்," என்றாள்.

"ஒருத்தரும் கீழ நிக்கிறேல்லை," என்று இவள் வெடுக்கென்று சொன்னாள். "மூண்டு பேரும் ஏறுறம். சத்தி வந்தா எடு, ஆனா ஏறு."

குள்ளமானவர்களை ஏற்றமாட்டார்களாம் என்று எங்கேயோ வாசித்துவிட்டு, எங்களில் கட்டையான இவளைக் கடைச் சுவரோடு நிறுத்தி உயரம் பார்த்தோம். காசு மேசையில் இருந்த ஐயா கண்ணாடியைக் கழற்றிவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜீன்ஸ் வாங்க நுகேகொடைக்குப் போனோம். கடைப் பிள்ளை சிங்களத்தில் "மகளுக்கா அன்ரி?" என்று கேட்டாள். இவள் "எனக்குத்தான்" என்று சொல்லிவிட்டுத் திரை மறைவில் போட்டுப் பார்த்து, வெளியே வந்து, கண்ணாடிக்கு முன்னால் ஒரு காலைத் தூக்கிக்கூடக் காட்டினாள். அவளை அப்படி நான் பள்ளிக்கூடக் காலத்துக்குப் பிறகு பார்த்ததில்லை.

எல்லாம் சரி, ஒரு கிழமைக்கு அம்மாவை யார் பார்ப்பது? சம்பளத்துக்கு ஆள் பிடிக்கலாம். ஆனால் அந்நிய ஆளோடு தனியே அம்மா இருக்கமாட்டா. பாமன்கடை மச்சாள்தான் வந்து நிற்கவேண்டும். மச்சாள் நல்ல மனுஷிதான். ஆனால் படுக்கையில் கிடக்கிற தாயை விட்டுவிட்டு மகள் ஊஞ்சலாடப் போகிறாள் என்று தெரிந்தால் வருவாளா? அவள் வந்தாலும் கனடாவிலிருந்து அண்ணிமார் விடுவார்களா? எங்கள் சனத்துக்குள் ஒருத்தி தனக்கென்று ஒரு கிழமை கேட்கவே முடியாது. சாமிக்கென்று கேட்டால் ஒரு மாதமும் கிடைக்கும்.

அடுத்த சனிக்கிழமை அவள் வந்து கதிரையில் இருந்தாள். இருந்த கையோடு சொன்னாள்: "திருச்செந்தூருக்குப் போறம் எண்டு சொல்லிப்போட்டன்."

"ஆரு போறது?"

"நாங்கள்தான். அப்பிடியே வேளாங்கண்ணிக்கும் போறம். இவளும் வாறாளெல்லே, அதுக்குத்தான்."

கொட்டாஞ்சேனைக்காரி சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு மூவரும் சேர்ந்து சிரித்த சிரிப்பில் பிளேன்டீ மேசையெல்லாம் ஊற்றுண்டது. அம்மா மறுபேச்சுப் பேசவில்லையாம். மச்சாள் "நீ நிம்மதியாப் போட்டு வா, நான் நிக்கிறன்" என்று உடனே ஒப்புக்கொண்டாளாம். கனடாவிலிருந்து பெரிய அண்ணி, பேரப்பிள்ளையின் பள்ளிக்கூடச் சோதனைக்காக ஓர் அர்ச்சனை செய்யச் சொல்லிக் குரல் பதிவு அனுப்பியிருந்தாள். சின்ன அண்ணிக்கு முழங்கால் நோ, அதற்கு ஒன்று. பேரும் நட்சத்திரமும் வந்துகொண்டே இருந்தன.

"ரைட்ல தலைகீழா நிக்கேக்கை எல்லாற்றை நட்சத்திரத்தையும் கத்திச் சொல்லு," என்று கொட்டாஞ்சேனைக்காரி பகிடி விட்டாள்.

புறப்படுவதற்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது, ஒரு பின்னேரம் அவள் என்னைக் கடற்கரைக்கு வரச்சொன்னாள். ரயில் பாதையைக் கடந்து போய்க் கல்லில் இருந்தோம். அவள் ஜீன்ஸ் பற்றி ஏதோ சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன்.

"அம்மாவும் ஒரு நேர்த்தி சொல்லி விட்டிருக்கிறா," என்றாள்.

"என்னவாம்? உனக்கு மாப்பிள்ளையாமோ?" என்று நான் கேட்டேன். என் வாய் அப்படி.

அவள் சிரிக்கவில்லை. அம்மா சொன்னதை அப்படியே சொன்னாள். "பிள்ளை, செந்தூர் முருகனிட்டை எனக்காக ஒண்டே ஒண்டு கேள். என்னைக் கெதியாக் கூப்பிடச் சொல்லு. நான் கிடந்து உன்னையும் சேத்து அழிக்கிறன். நீ நேர போய்க் கேட்டா அவர் மறுக்கமாட்டார்."

எனக்கு முதலில் வந்தது கோபம். யார் மேல் என்று தெரியவில்லை. "அவவுக்கு விசரே? பெத்த பிள்ளையிட்டைக் கேக்கிற கேள்வியா இது?" என்று கத்தினேன். பக்கத்தில் கடலை விற்றுக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

"அதை மச்சாளுக்கும் சொல்லியிருக்கிறா. போனில அண்ணாக்களுக்கும் சொல்லிப்போட்டா," என்றாள் அவள். "இனி நான் போகாட்டி, கேக்கப் பயந்துதான் நிண்டனான் எண்டு நினைப்பா. போனா, கேட்டனான் எண்டு பொய் சொல்லோணும். அவ அதை நம்பிக்கொண்டு பாத்துக்கொண்டு கிடப்பா."

"அப்ப என்ன செய்யப்போறாய்?"

"போறன். சிங்கப்பூரிலயும் முருகன் கோயில் இருக்குத்தானே. ஒரு காலமை போட்டு வருவம். முருகன் எங்க இருந்தாலும் முருகன்தானே."

எனக்கு அது நல்ல யோசனையாகவே பட்டது. ஒரு பொய்க்குள் பாதி உண்மை போட்டது மாதிரி. அவளுடைய தோளில் கையைப் போட்டுக்கொண்டு இருந்தேன். பிறகு அம்மாவைப் பிரட்ட நேரமாகிறது என்று அவள் எழும்பிவிட்டாள்.

போனோம். அந்தக் கிழமையை நான் எப்படிச் சொல்ல! முதல் நாள் ரோலர் கோஸ்டரில் அவள் முன் வரிசையில் இருந்தாள். நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு தேவாரத்தில் பாதியை மறந்துபோய் உளறினேன். கொட்டாஞ்சேனைக்காரி உண்மையாகவே சத்தி எடுத்தாள். இவள் இறங்கிய கையோடு மறுபடி வரிசையில் போய் நின்றாள். பின்னேரம் ஹோட்டலுக்கு வந்ததும் ஜீன்ஸைக் கழற்றிச் சேலை கட்டி, நெற்றி நிறைய விபூதி பூசி, வெறும் சுவரைப் பின்னால் வைத்து அம்மாவுக்கு வீடியோ கோல் எடுப்பாள். "இண்டைக்கு நல்ல சனம் அம்மா, வரிசையில நிண்டு கால் நோகுது," என்பாள். அதில் பொய் ஒன்றும் இல்லை. நாங்கள் இருவரும் கட்டிலில் தலையணையை வாயில் அடைத்துக்கொண்டு கிடப்போம்.

நாலாம் நாள் காலை கோயிலுக்குப் போனோம். அவள் தான் தனியே போய்க் கும்பிட்டு வருவதாகச் சொன்னாள். நாங்கள் வெளி மண்டபத்தில் இருந்தோம். அதிக நேரம் எடுக்கவில்லை. திரும்பி வந்தவளின் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. ஆனால் அவள் "பசிக்குதடி, வாங்கோ" என்றாள். அவ்வளவுதான். அன்று பின்னேரம் பார்க்கில் அவள் சிரித்ததைப் போல அந்தக் கிழமையில் வேறு எந்த நாளும் சிரிக்கவில்லை. பாரம் இறங்கிவிட்டது, சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டாள் என்று நான் சந்தோசப்பட்டேன்.

திரும்பி வந்த அன்றே அம்மா கேட்டா: "கேட்டனியோ பிள்ளை?"

"கேட்டனான் அம்மா."

"இலை விபூதி தரேல்லையோ?" திருச்செந்தூரில் பன்னீர் இலையில் வைத்துத்தான் விபூதி தருவார்கள். அது எங்கள் ஒருத்திக்கும் நினைவுக்கு வரவில்லை.

"இப்ப பக்கற்றிலதானாம் அம்மா," என்றாள் இவள். அம்மா நம்பினா. நெற்றியில் பூசச்சொல்லிக் கண்ணை மூடினா. அப்போது நானும் அங்கேதான் நின்றேன். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

சில மாதம் கழித்து, மழை பெய்துகொண்டிருந்த ஒரு காலையில், தேநீர் குடித்து முடித்து, வாயைத் துடைக்கச் சொல்லிவிட்டு அம்மா போய்விட்டா. இதயம் களைத்துப்போய்க் கன நாள் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். அண்ணன்மார் பறந்து வந்தார்கள். செத்த வீட்டில் வந்தவர்கள் எல்லோரும் அவளுடைய கையைப் பிடித்து ஒரே கதையைத்தான் சொன்னார்கள். "நீ போய்க் கேட்டனி, முருகன் கேட்டிட்டான்." "நோ நொடி இல்லாத சாவு, மகள் வாங்கிக் குடுத்தது." பெரிய அண்ணன் அழுதுகொண்டே அவளைக் கட்டிப்பிடித்து, "எங்களால ஏலாததை நீ செய்தாய்" என்றார். அவள் வெள்ளைச் சேலையோடு மரம் மாதிரி நின்றாள். களைப்பு என்று நினைத்தேன்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குப் பிறகு அவள் சனிக்கிழமைகளில் வருவதை நிறுத்திவிட்டாள். கூப்பிட்டால் தலையிடி என்பாள். ஒரு வருடம் துக்கம் காக்கிறாள், விடுவோம் என்று நாங்களும் விட்டுவிட்டோம். வருடம் திரும்பி ஆட்டைத்திவசம் முடிந்த பிறகு நான் போனேன். கொட்டாஞ்சேனைக்காரி மருமகளின் பிள்ளைப்பேற்றுக்கு வத்தளையில் நின்றபடியால் தனியேதான் போனேன். அம்மாவின் கட்டில் போட்டபடியே இருந்தது. அவள் அதற்குப் பக்கத்தில் நிலத்தில் பாய் விரித்துப் படுக்கிறாள் என்று தெரிந்தது.

நான் என் பாட்டுக்குத் தொடங்கினேன். "துபாயில ஒரு பார்க் இருக்காம், சிங்கப்பூரைவிடப் பெரிசாம். இனி உன்னை மறிக்க ஆரும் இல்லைத்தானே." சொன்ன பிறகுதான் என் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"நான் வரேல்லையடி."

"அம்மா கேக்கச் சொன்னதைத்தானே நீ கேட்டனி. அதைப் பிடிச்சுக்கொண்டு இப்பிடி இருக்கிறதே?"

"அம்மா சொன்னதுக்காக நான் கேக்கேல்லை."

எனக்கு விளங்கவில்லை. அவள் கட்டிலின் விரிப்பைக் கையால் இழுத்து நேராக்கினாள். அதில் ஒரு சுருக்கமும் இல்லை.

"முதல் மூண்டு நாளும் நான் எப்பிடி இருந்தனான் எண்டு கண்டனிதானே. விடிய எழும்பி, ஒருத்தரையும் பிரட்டாமல், ஒருத்தருக்கும் கழுவாமல், என்ரை முகத்தை மட்டும் கழுவிக்கொண்டு வெளிக்கிட்டன். கோயிலுக்குள்ள நிக்கேக்கை அம்மா சொன்னது எனக்கு ஞாபகத்திலயே வரேல்லை. இது எனக்கு இனியும் வேணும், என்னை விட்டுவிடு எண்டுதான் கேட்டன். என்னை விடுறதெண்டா என்னெண்டு எனக்குத் தெரியும். தெரிஞ்சு கொண்டுதான் கேட்டன். எனக்காகத்தான் கேட்டன். கேட்டிட்டு வெளிய வந்து, அண்டைக்கு அந்தளவு சிரிச்சன்."

நான் எழும்பி நின்று அவளை ஏசினேன். அழுதுகொண்டே ஏசினேன். "விசரி! எண்பது கடந்த மனுஷி. இதயம் களைச்சுப் போச்செண்டு டாக்டர் சொன்னவரெல்லே. நீ கேட்டாலென்ன, கேக்காட்டி என்ன? அவ போயிருப்பா. உனக்குத் தெரியாதே?"

"தெரியும்," என்றாள். "எல்லாம் தெரியும். ஆனா நான் கேட்டனான்."